லேப்டாப் மூடியில் ஒரு நட்சத்திரம்

இசைக்கு இன்றியமையாதது எது என்று உலகம் நெடுங்காலமாகக் குழம்பிக் கிடந்தது. சிலர் சுருதி என்றார்கள், சிலர் தாளம் என்றார்கள், விவரம் போதாத சிலர் காது என்றுகூடச் சொன்னார்கள். இந்தக் குழப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை எடமலைப்பட்டி புதூர் பெனடிக்ட்டையே சேரும். கல்யாண வரவேற்புகளுக்கு மேடை, பூ, புகை, பாட்டு என்று சகலத்தையும் ஏற்பாடு செய்துதரும் 'விழா ஆலோசகர்' அவர். "லேப்டாப் மூடியில லைட் எரியணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தின் முன்னால் கைகட்டி நின்றவன் ஆஸ்டின். திருவெறும்பூர்க்காரன். பொறியியல் பட்டதாரி, ஆகவே வேலை இல்லாதவன். டீஜே ஆவது என்று முடிவெடுத்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் நாள்கணக்கில் நின்று, கண்டக்டர் விசில், உறுமும் இன்ஜின், "சமயபுரம், சமயபுரம், ஏறு ஏறு!" என்ற கூவல் எல்லாவற்றையும் போனில் பிடித்து, வெட்டி ஒட்டி, ஒரு ஆட்டப்பாட்டு செய்து வைத்திருந்தான். அதைக் கேட்டால் கல்லும் இடுப்பை வளைக்கும். ஆனால் கேட்க ஆள் வேண்டுமே! அவன் அம்மா அற்புதம்மாள் முழுசாகக் கேட்டுவிட்டு, "பஸ்ஸு கிளம்பிருச்சாடா?" என்றாள்.

அத்தோடு விட்டாளா? கெடுவும் வைத்தாள். "பிலோமின்ராஜ் சார் பொண்ணு ரிசப்ஷன்ல போட்டுக் காட்டு. நாலு பேரு நல்லாருக்குன்னு சொன்னா சரி. இல்லேன்னா மறுநாளே பேங்க் கோச்சிங்ல சேர்ற. விசாரிச்சு வெச்சுட்டேன்." அந்தப் பாட்டு எடுபடாவிட்டால் ஆஸ்டினுக்கு மிச்ச வாழ்க்கை முழுக்க வட்டி விகிதம்தான்.

மேடையிலேயே பாட்டுகளைக் கலந்து போட அவனிடம் ஒரு பழைய மிக்ஸர் இருந்தது. அது புது லேப்டாப்பைச் சீந்தாது. தன் வயசுக்காரனோடு மட்டும்தான் பேசும். எனவே பழைய லேப்டாப் தேடும் படலம் ஆரம்பமாயிற்று. பெனடிக்ட் அவனைச் சத்திரம் பக்கத்தில் ஒரு கடைக்கு அழைத்துப்போனார். கடைக்காரர் வெள்ளி நிறத்தில் ஒன்றைத் திறந்தார். மூடியின் முதுகில் ஒரு சின்னம் நிலா மாதிரி பளபளத்தது. உள்ளே திரையில் ஒரு கேள்விக்குறி மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே?" என்றான் ஆஸ்டின்.

"உள்ள எதுக்கு தம்பி? ஜனங்க முன்னாடிதானே நிக்கப்போறாங்க" என்றார் கடைக்காரர்.

"அப்ப பாட்டு?"

"அதை யாராவது போன்ல போட்டுக்கலாம்" என்றார் பெனடிக்ட். "நீ ஒரு காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, ஒரு கையைத் தூக்கிக்கிட்டு நில்லு. பெரிய பெரிய டீஜே எல்லாம் அப்படித்தான்."

ஆஸ்டின் பிழைக்கத் தெரியாத பிள்ளை. பாட வேண்டியது லேப்டாப் என்று அடம்பிடித்தான். விளம்பரம் பார்த்து, மறுநாள் தனியாகவே ஸ்ரீரங்கம் போய், ஆடிட்டர் சம்பத்குமாரன் வீட்டுக் கதவைத் தட்டினான். அவர் கறுப்பாக, தடியாக ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"எங்காத்துல இதை ரொம்ப ஆசாரமா வெச்சிண்டிருந்தோம். வெங்காயம் உரிச்ச கையால ஒருத்தரும் தொட்டதில்லை. கணக்கும் பிரபந்தமும் தவிர வேற ஒண்ணும் இதுக்குத் தெரியாது. நீங்க என்ன பண்ணப்போறேள்?"

"மியூசிக் சார். சமயபுரத்தை வெச்சு ஒரு பாட்டு."

"அடடா! சமயபுரத்தாள் மேலயா? நம்ம பெருமாளோட தங்கையாச்சே அவ! பேஷா எடுத்துண்டு போங்கோ" என்று நெகிழ்ந்துபோய், கேட்காமலே விலையைக் குறைத்தார். ஆஸ்டின் வீட்டுக்கு வந்து மிக்ஸரைச் சொருகினான். இரண்டும் பலநாள் சிநேகிதர்கள் போல ஒட்டிக்கொண்டன. அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பெனடிக்ட் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கெட்டுது குடி! இதை வெச்சுக்கிட்டு மேடையில நின்னா ஜிஎஸ்டி கட்ட வந்தவன் மாதிரி இருப்படா. லைட் இல்லாம நான் உன்னை ஏத்த மாட்டேன்."

வேறு வழி? அவசர 'தொழில்நுட்ப மேம்பாடு' செய்யப்பட்டது. கிறிஸ்துமஸ் குடிலில் தொங்கிய பிளாஸ்டிக் நட்சத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கி, மூடியில் ஒட்டினார்கள். லேப்டாப்பில் வேலை செய்த யூஎஸ்பி துளைகள் இரண்டுதான். ஒன்றில் பாட்டு வயர், இன்னொன்றில் நட்சத்திர வயர்.

வரவேற்பு அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பெண்ணின் அப்பா பிலோமின்ராஜ், கல்லூரியில் ஒலியியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். நட்சத்திரம் ஜொலித்தது. ஆஸ்டின் தன் பாட்டை எடுத்துவிட்டான். விசில் பறந்தது, இன்ஜின் உறுமியது, பட்டுப்புடவைகளும் கோட்டுகளும் ஒன்றாகக் குதித்தன. அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஏறு ஏறு!" என்று பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்து, நட்சத்திரம் பொசுக்கென்று அணைந்தது. ஒரு துளை உயிரை விட்டிருந்தது. மண்டபம் அப்படியே நின்றது.

"ஏன் தம்பி பாட்டை நிறுத்திட்டீங்க?" என்று பிலோமின்ராஜ் கத்தினார். ஸ்பீக்கர் இரைச்சலில் அவர் குரல் எடுபடவில்லை. இன்னொரு தடவை தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

"ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு!"

"எங்க ஓடுது? ஒண்ணும் எரியலையே!"

பெனடிக்ட் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "மானத்தை வாங்காதடா! இவ்வளவு பேரு சும்மா நிக்கிறாங்க, பாட்டைப் போடு!" என்று அவரும் பாட்டுக்கு மேலே கத்தினார்.

ஆஸ்டின் ஜனங்களைப் பார்த்தான். மிச்சமிருந்த ஒரே துளையைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்படியோ போங்க!" என்று பாட்டு வயரைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் நட்சத்திரத்தைச் சொருகினான். நட்சத்திரம் எரிந்தது. ஸ்பீக்கர்கள் ஊமையாயின. பந்தியில் சாம்பார் வாளி வைக்கிற சத்தம் மேடைவரை கேட்டது.

"ஆங்! வந்துருச்சு!" என்று மண்டபமே எழும்பியது. ஆடினார்கள் ஐயா, அப்படி ஒரு ஆட்டம்! மாப்பிள்ளையின் பெரியப்பா முட்டிவலியை மறந்து சுழன்றார். 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள். ஆஸ்டின் ஒரு காதில் ஹெட்போனை மாட்டி, ஒரு கையைத் தூக்கி நின்றான். கேட்டதைக் கொடுப்பதுதானே கலைஞனின் கடமை!

விளைவுகள் உடனே தெரிந்தன. பெனடிக்ட் அடுத்தடுத்து முகூர்த்தங்களுக்கு அவனையே பேசி முடித்தார். நாலு பேர் என்ன, நாலு வரிசை ஆட்கள் நல்லாருக்கு என்று சொன்னதில் அற்புதம்மாள் கோச்சிங் பேச்சையே விட்டுவிட்டாள். பிலோமின்ராஜ் கூட்டத்தை விலக்கி வந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல கொஞ்சம் நின்னுபோச்சு, பரவாயில்ல. அதுக்கப்புறம் போட்டீங்க பாருங்க ஒரு பாட்டு! சர்வீஸ் பூரா ஒலியியல் நடத்தினவன் சொல்றேன், அப்படி ஒரு துல்லியத்தை நான் கேட்டதே இல்ல. அதை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிவிடுங்க தம்பி."

ஆஸ்டின் பணிவாகக் கைகூப்பினான்.

"அனுப்பவே வேண்டியதில்ல சார். உங்க காதுல எப்பவும் அதுதான் ஓடிக்கிட்டிருக்கு."