நாடாளுமன்றக் குழுவிடம் நான் பேசிய இந்தி

ஒரு மொழி சுத்தமாகத் தெரியாதவரால் யாருக்கும் ஆபத்தில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அரைகுறையாகத் தெரிந்தவர்தான் போய் மைக்கைப் பிடிப்பார். நான் பிடித்தேன். அதுவும் பட்ஜெட் பணம் எங்கே போகிறது என்று பார்க்க டெல்லியிலிருந்து வந்த நாடாளுமன்றக் குழுவின் முன்னால்.

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு பையர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் போடுவதும், அவர்கள் கேட்ட நாளுக்குச் சரக்கு போகுமா என்று தையல் லைனில் போய்க் கத்துவதும்தான் வேலை. அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த கட்டிங் மாஸ்டர். அதனால் வீட்டில் தெற்கத்தித் தமிழ், ஆபீசில் கொங்குத் தமிழ், லைனில் இந்தி. டெய்லர்களில் பாதிப்பேர் பீகார்க்காரர்கள். என் இந்தி முழுக்க அவர்களிடம் பொறுக்கியது. "ஜல்தி கரோ" என்றால் சீக்கிரம் செய். "பாத் மத் கரோ" என்றால் பேசாதே. "பைட்டோ" என்றால் உட்கார். மொத்தத்தில் என்னிடம் இருந்தவை கட்டளைகள் மட்டுமே. வணக்கம், நன்றி, தயவுசெய்து எதுவும் கிடையாது. ஷிப்மெண்ட் நாளில் அவற்றுக்குத் தேவை வந்ததில்லை. (அந்த வயதில் எனக்கு எந்த நாளிலுமே வந்ததில்லை என்று அம்மா சொல்வாள்.)

நான் லைனில் கத்துவதைக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்க்கும் முதலாளிக்கு மட்டும் அது பெரிய புலமையாகத் தெரிந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம ஜெபா இந்தி பேசுனா அருவி கொட்டுனாப்ல இருக்கும்ங்க" என்பார். நானும் மறுத்ததில்லை.

முதலாளிக்கு ஒரு மனக்குறை இருந்தது. தொழிலாளர் விடுதிக்கென்று இருந்த ஓர் அரசுத் திட்டத்தை நம்பிக் கட்டடம் எழுப்பினார். பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியாயிற்று என்று செய்தி வரும். உத்தரவு வந்து சேர்வதற்குள் மார்ச் முடிந்து பணம் திரும்பிப் போய்விடும். மறுபடி அடுத்த பட்ஜெட்டுக்குக் காத்திருக்க வேண்டும். விடுதியின் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி துருப்பிடித்து நின்றன. டெய்லர்கள் பழைய குடோனில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் குழு வருகிற செய்தி வந்தது. எங்களுக்கெல்லாம் பட்ஜெட் என்பது நிதியமைச்சர் வாசிப்பதை டிவியில் பார்ப்பதோடு முடிந்துவிடும் ஒன்று. வேலையே அதன் பிறகுதான் தொடங்குகிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு துறையும் எனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்பதை எம்.பி.க்கள் உட்கார்ந்து துருவுவார்களாம். போன வருஷம் கொடுத்தது என்ன ஆயிற்று, ஏன் செலவாகவில்லை, உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பார்களாம். சில சமயம் நேரிலும் வந்து பார்ப்பார்களாம்.

அவிநாசி ரோட்டில் ஓர் ஓட்டல் அரங்கில் கூட்டம். முதலாளி கஞ்சி போட்ட வேட்டி சட்டையில் விறைப்பாக வந்திருந்தார். பேசப்போகிறவர்களில் அவரும் ஒருவர். மொழிபெயர்ப்பாளர் வரவேண்டிய விமானம் தாமதம். குழுவில் தமிழ் தெரிந்த உறுப்பினரும் அன்று வரவில்லை. இந்தி தெரிந்தவர் யாராவது உண்டா என்று ஓர் அதிகாரி கேட்டார்.

முதலாளி எழுந்தே விட்டார். "எங்க புள்ள இருக்குதுங்க. இந்தியெல்லாம் அதுக்குத் தண்ணி பட்ட பாடுங்க."

உறுப்பினர் ஒருவர் ஆங்கிலமே போதும் என்றார். அங்கேயே நான் தப்பித்திருக்கலாம். ஆங்கிலம் எனக்கு ஒழுங்காகவே வரும். ஆனால் அருவி என்று பெயர் வாங்கியவள் ஆயிற்றே. "நோ சார், ஐ கேன் மேனேஜ் இன் ஹிந்தி" என்றபடி மைக்கை வாங்கினேன்.

குழுத் தலைவர் நரைத்த தலையும் பருத்திப் புடவையுமான ஓர் அம்மா. எங்களைப் பார்த்து எழுந்து நின்று கைகூப்பினார். வயதானவரை நிற்க வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், "பைட்டோ, பைட்டோ" என்றேன். டீ குடித்துவிட்டு மெதுவாக வரும் டெய்லர்களிடம் நான் சொல்கிற அதே தொனியில். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். (அவரை உட்காரச் சொல்லும் அதிகாரம் அதுவரை சபாநாயகருக்கு மட்டுமே இருந்திருக்கும்.)

முதலாளி பேசினார். "பட்ஜெட்ல எங்களுக்குனு பணம் ஒதுக்கறீங்க, ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா எங்க கைக்கு உத்தரவு வர்றதுக்குள்ள மார்ச் முடிஞ்சு போயிருதுங்க. கொஞ்சம் முன்னாடியே வர்றாப்ல நீங்க பார்த்துச் சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்ங்க."

இந்தப் பணிவு முழுவதையும் நான் இப்படி இந்தியாக்கினேன்: "தும் பைசா தேர் சே தேதா. தும் க்யா கர்தா? ஜல்தி கரோ, ஜல்தி." அதாவது, நீ பணத்தை லேட்டாகக் கொடுக்கிறாய். நீ என்னதான் செய்துகொண்டிருக்கிறாய்? சீக்கிரம் செய், சீக்கிரம்.

தலைவர் கோபப்படவில்லை. பணம் கொடுப்பது குழு அல்ல, துறைகள் கேட்பதைச் சரிபார்ப்பதுதான் குழுவின் வேலை என்று நிதானமாக விளக்கினார் போலிருக்கிறது. எனக்குப் புரிந்தது இரண்டே சொற்கள். "அனுதான்" என்று ஒன்று அடிக்கடி வந்தது. பக்கத்திலேயே "மாங்" என்று ஒன்று. மாங் என்றால் கேட்பது. டெய்லர்கள் அட்வான்ஸ் கேட்கும்போது வரும் சொல். மீதியை ஊகித்தேன்.

"சார், அனுதான்னு ஒருத்தர் என்னமோ கேட்டுட்டே இருக்காராம்."

முதலாளி குழம்பினார். "அவரு யாரு கண்ணு? நம்ம பக்கம் அப்படி ஆளே இல்லியே."

அனுதான் என்றால் மானியம். துறைகள் பட்ஜெட்டில் கேட்கும் மானியக் கோரிக்கையைத்தான் அந்த அம்மா சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சம்பளம் தாமதமானால், "அனுதான் இன்னும் வரலையா?" என்றுதான் என் கணவர் கேட்பார்.

பின்வரிசையில் யாரோ சிரிக்க, இரண்டு உறுப்பினர்கள் குனிந்து கிசுகிசுத்தார்கள். என் வாய் பழக்கதோஷத்தில், "பாத் மத் கரோ" என்று அதட்டிவிட்டது. அரங்கமே வெடித்தது. முதலாளியும் சேர்ந்து சிரித்தார். கூட்டம் நன்றாகப் போகிறது என்று நினைத்துவிட்டார். ஆங்கிலம் போதும் என்ற அந்த உறுப்பினர்தான் என்னை அருகில் அழைத்து, நான் இதுவரை சொன்னவற்றின் பொருளை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். மேசைக்கடியில் இடமிருந்தால் போயிருப்பேன்.

தலைவர் இப்போது ஆங்கிலத்தில் கேட்டார், இந்த இந்தியை யாரிடம் கற்றாய் என்று. டெய்லர்களிடம் என்றேன். "அப்படியானால் அவர்களைப் பார்க்க வேண்டும்" என்றார். நிகழ்ச்சி நிரலில் எங்கள் கம்பெனி இல்லவே இல்லை. முதலாளியின் வேட்டிக் கஞ்சி அந்த இடத்திலேயே தளர்ந்தது.

மதியம் கார்கள் எங்கள் வாசலில் நின்றன. மொழிபெயர்ப்பாளரும் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தார். தலைவர் நேராக லைனுக்குப் போய் ஓவர்லாக் மெஷினில் இருந்த சுனிதாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இருவரும் ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள் போல. பேச்சு ஓடியது.

"என்ன கண்ணு சொல்றாங்க?" என்று கேட்டார் முதலாளி.

"தெரியலைங்க சார்."

"அருவி வத்திப்போச்சா?" என்றார் மெதுவாக. அன்றுதான் அவருக்கு என் இந்தி புரிந்தது.

சுனிதா குடோனுக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். தகரக் கூரை, சுவரோரம் சுருட்டிய பாய்கள், காற்று வர ஒரே ஒரு ஜன்னல். பிறகு துருப்பிடித்த கம்பிகளையும் பார்த்தார்கள். தலைவர் முதலாளியிடம் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கித்தான் தமிழில் சொன்னார்: "பணம் ஏன் லேட்டாச்சுன்னு அதிகாரிகளை நாங்க கேக்கறோம். குடோன்ல ஃபேன் மாட்ட எந்த பட்ஜெட்டுக்குக் காத்திருக்கீங்க?"

"அது என்ற தப்புதானுங்க. இன்னைக்கே மாட்டிப்போடறனுங்க" என்றார் முதலாளி. பொழுது சாய்வதற்குள் எலக்ட்ரீசியன் ஏணியோடு வந்துவிட்டார்.

குழுவின் அறிக்கையில் உத்தரவுகள் தாமதமாவதைப் பற்றியும் எழுதியிருந்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். அதனால்தானா என்று தெரியாது, அதற்குப் பின் ஒரு வருஷம் உத்தரவு முன்னதாகவே வந்தது. விடுதியும் எழும்பியது. நான் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். ஆனால் பஞ்சுத் தூசி தலையில் வெள்ளையாகப் படிய, அயர்ன் மேசை ஆவிக்கு நடுவே நாங்கள் மூன்று பாஷையில் சண்டை போட்ட அந்த லைன் மாதிரி இன்னொன்று எனக்கு அமையவில்லை.

குழு வந்துபோன அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏட்டி, அவ்வளவு பெரிய மனுசியவா உக்காருன்னு சொன்ன? அந்தம்மா ஒன்ன என்ன சொல்லுச்சு?"

அவர் என்ன சொன்னார் என்பதுதான் வேடிக்கை. கார் கிளம்புமுன் மரியாதையாக வழியனுப்ப வேண்டும் என்று சுனிதாவிடம் ரகசியமாகக் கேட்டேன். "மறுபடி வாருங்கள்" என்பதற்கு "பிர் ஆயியே" என்று சொல்லித்தந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன். இருந்த பதற்றத்தில், மரியாதை எங்கேயும் குறைந்துவிடக் கூடாதே என்று, கொங்குநாட்டு வழக்கப்படி கடைசியில் ஒரு 'ங்க'வையும் சேர்த்துவிட்டேன்: "பிர் ஆயியேங்க."

அந்த அம்மா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். கைகூப்பி, "ஆயேங்கே" என்றார். இந்தியில் அதற்கு 'வருவோம்' என்று பொருள்.

கார்கள் போன பிறகும் முதலாளி வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

"பார்த்தியா கண்ணு, அரை நாள்ல அந்தம்மா நம்மூரு பேச்சப் புடிச்சுப்போட்டாங்க" என்றார்.

இப்போதும் பட்ஜெட் நாளன்று பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு அதைச் சொல்கிறாராம். நான் இன்னும் அவரைத் திருத்தவில்லை.