‘ஓட்டை’ மீது வந்த வழக்கு

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை ‘ஓட்டை’ குறை சொல்லாத பூட்டு கிடையாது. கம்ப்யூட்டர் பாதுகாப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதுதான் அம்பத்தூரில் அவன் பார்த்த வேலை; பட்டப்பெயரும் அதனால்தான். ஆபீஸ் முடிந்தாலும் நிறுத்த மாட்டான். திருவேற்காட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்து கேமராவை யார் வேண்டுமானாலும் செல்போனில் பார்க்கலாம் என்று மேனேஜரிடமே போய்ச் சொன்னான். பந்தி போடும் முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள். கூட வந்த பாவத்துக்கு என்னையும்.

நூம்பலில் என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். டிவியோடு இணைக்கிற பெட்டி ஒன்று வாங்கினான். பிரித்து மேய்ந்ததில், அதிலுள்ள மைக் வழியாக வெளியாள் எவனும் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கலாம் என்று தெரிந்தது. கம்பெனிக்கு மரியாதையாக எழுதிப் போட்டான். அவர்கள் நன்றி சொல்லவில்லை, வழக்குப் போட்டார்கள். படங்களைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுக்கப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பூட்டை உடைத்தானாம். டைட்டில் முடிவதற்குள் குறட்டை விடுகிற ஆள் அவன்.

வேலையும் போயிற்று. என்னிடம் வந்தான். நான் பூந்தமல்லி கோர்ட்டில் பாகப்பிரிவினை வக்கீல். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது அதை அணைப்பது மட்டும். அதையும் சுவர் ஸ்விட்சில்தான் அணைப்பேன்.

“அண்ணாத்தே, சட்டத்துல நமக்கு எதனா ஓட்டை கீதா?”

புத்தகத்தைப் புரட்டினேன். “ஓட்டை இல்லப்பா, வாசலே இருக்கு. பொருளுக்குச் சொந்தக்காரர் சம்மதத்தோட, பாதுகாப்பைச் சோதிக்கப் பூட்டைத் திறந்தா குத்தமில்ல.”

“பொட்டி என்னுது. எனக்கு நானே சம்மதம் குடுத்துகினேன்.”

அதற்குள் எதிர்த்தரப்பு சமாதானத்துக்கு வந்தது. பெட்டியில் கோளாறே இல்லை என்று கையெழுத்துப் போட்டால் வழக்கு வாபஸ். மகா வீரனான நான் உடனே பேனாவைத் திறந்து நீட்டினேன்.

“போட்டுடு தம்பி. உனக்கு இன்னா போச்சு?”

“அந்தப் பொட்டி கீற ஊட்லல்லாம் பொம்பளைங்க, புள்ளைங்க கீறாங்க அண்ணாத்தே. அவங்க பேசறத எவனோ கேட்டுகினு இருப்பான். நான் கோளாறு இல்லனு எயுதிக் குடுக்கணுமா?”

பேனாவை மூடினேன். வேறு வழியில்லாமல் வாதாட வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டருக்குக் காவலான ‘ஃபயர்வால்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், பழக்க தோஷம், ‘காம்பவுண்டு சுவர்’ என்றேன்.

“யாரோட காம்பவுண்டு?” என்றார் நீதிபதி.

சொன்ன சுவரையே பிடித்துக்கொண்டேன். “வீட்டுக்காரரோடது ஐயா. இவர் ஏறிக் குதிச்சுத் திருடலை. சுவர் இடிஞ்சு கிடக்குன்னு கட்டினவங்ககிட்ட சொன்னார். அதுக்குத்தான் கேஸ்.”

நீதிபதி எதிர்த்தரப்பைப் பார்த்து, “இவர் காப்பி எடுத்த படம் ஒண்ணாவது காட்டுங்க” என்றார். அவர்களிடம் இல்லை. வழக்கு தள்ளுபடி. கொஞ்ச நாளில் பெட்டிக் கோளாறும் சத்தமில்லாமல் சரியாயிற்று.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். “அண்ணாத்தே, உன் வாதம் பூரா ஒரே ஓட்டை” என்றான்.

இப்போது கோயம்புத்தூரில் வேலையாக இருக்கிறான். போன வாரம் புது டிவி வாங்கினேன். ஆன் செய்யும் முன் அவனுக்குத்தான் போன் போட்டேன். டிவியில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. அவன் குறை சொல்வதைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.