ஒன்று தட்டினால் ஆமாம்

இனி இந்த வீட்டுப் படியை எந்த ஏசி மெக்கானிக்கும் மிதிக்கக் கூடாது என்று திங்கட்கிழமை காலை அவர் அறிவித்தார். கேட்க இருந்தது ஒருத்திதான். அவர் மனைவி. அவளும் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து தலையைத் தூக்காமல் "சரிங்க" என்றாள்.

அறிவிக்க அவருக்குத் தகுதி உண்டு. முப்பது வருடம் பேருந்துக் கூடு கட்டும் ஆலையில் சோதனை வேலை. வண்டிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்து, இடது பக்கம் நாலாவது ஜன்னலில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்பார். தளர்ந்துதான் இருக்கும். உள்ளேயிருந்து அவர் கத்திக் கேட்பார்; வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் கூட்டாளி இரும்பில் தட்டிப் பதில் சொல்வான். ஒன்று தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. இந்தக் கதையை மனைவிக்குச் சாப்பாட்டோடு சேர்த்தே முப்பது வருடம் பரிமாறியிருந்தார்.

ஓய்வு பெற்றதும் வீட்டின் ஒரே ஏசி அறைக்குள் மேசையைப் போட்டுக்கொண்டார். வாகனச் சத்தங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். எட்டு மாதத்தில் மூன்று பக்கம். மனைவியின் தையல் மெஷின் அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் கிடந்தது. வியர்வையில் துணி கையோடு ஒட்டுகிறது, அந்த அறையை எனக்குத் தரக்கூடாதா என்று ஒருமுறை கேட்டாள். யோசிக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அவர் யோசிக்காதது அது ஒன்றைத்தான்.

அந்தத் திங்களுக்கு முந்தின நாள்தான் ஏசி பேச ஆரம்பித்தது. மத்தியானம் மூன்று மணிக்கு 'டக்' என்று ஒன்று. கொஞ்சம் கழித்து, யாரோ படுக்கையில் புரண்டு விடுவதுபோல ஒரு நீண்ட மூச்சு.

வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். அப்படியும் மூச்சு விட்டது. மூடியின் ஸ்க்ரூக்களை முறுக்கினார். அப்போதும் மூச்சு விட்டது. சுவரில் குழாய் வெளியே போகும் துவாரத்தை அடைத்திருந்த பூச்சைச் சுரண்டி எடுத்து, அதில் காதை வைத்தார். அந்தப் பக்கம், கூடத்து வழியாகப் போகும் பால்கனி. ஏசியின் வெளிப்பெட்டி நிற்கும் இடம். துவாரத்திலிருந்து சூடான காற்று காதுக்குள் ஊதியது. மனிதக் காற்று மாதிரி இருந்தது. சட்டென்று விலகிக்கொண்டார்.

புதன்கிழமை காலை கடைக்குப் போய், வெளிப்பெட்டியின் காலுக்கு வைக்க ரப்பர் துண்டு வாங்கி வந்தார். மத்தியானம், தைத்த துணிகளைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி மனைவி கிளம்பினாள். வீட்டில் அவர் மட்டும்.

ஏசியைப் போட்டார். கடிகாரத்தில் மணி மூன்று அடித்தது. சத்தமே இல்லை. மூன்று நாளாக முனகிய இயந்திரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. அந்த அமைதி முனகலைவிட மோசமாக இருந்தது. பழக்கதோஷத்தில் சந்தேகத்தை வாய்விட்டே கேட்டார்.

"விசிறியா?"

டக். டக்.

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் மேசைமேல் விழுந்து உருண்டது.

"கம்ப்ரசரா?"

டக். டக்.

சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அதன் மூன்று கால்களும் வெறுமையாக அவரைப் பார்த்தன.

"இன்னும் இருக்கியா?"

டக்.

இப்படித் தட்டத் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அந்தக் கூட்டாளி போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வரச்சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினான். அடுத்த வாரம் வருகிறேன் என்றார். அடுத்த வாரத்துக்கு அவன் இல்லை. அன்று என்ன அப்படித் தலை போகிற வேலை இருந்தது என்று எத்தனையோ முறை தன்னையே கேட்டிருக்கிறார். ஒரு வேலையும் நினைவுக்கு வந்ததில்லை.

துவாரத்துக்கு அருகே வாயைக் கொண்டுபோனார்.

"நீயா?"

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, மெதுவாக, ஒரே ஒரு தட்டு.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்மேல கோவமா?"

டக்.

"நான் இந்த ரூமை விட்டுப் போயிடணுமா?"

டக்.

"பூட்டி வைக்கவா?"

டக். டக்.

"அப்ப… என் சம்சாரத்துக்குக் கொடுத்திடவா?"

அவர் கேட்டு முடிக்கவில்லை. டக்.

மனைவி திரும்பி வந்தபோது மேசை கூடத்துக்கு வந்திருந்தது. அந்த அறையில் சிந்தனை ஓடவில்லை, நீயே எடுத்துக்கொள் என்றார். உங்கள் புத்தகம் என்னாவது என்று அவள் பதறினாள். வேண்டாம் என்று இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாம் தடவைக்குள் தையல் மெஷின் உள்ளே போய்விட்டது. இனி அந்த அறையில் எதையும் வாய்விட்டுக் கேட்காதே என்று மட்டும் அவர் எச்சரித்தார்.

மறுநாள் காலை வாசலில் ஒரு மெக்கானிக் நின்றான்.

"என் டார்ச்சை இங்க விட்டுட்டேன் சார். பால்கனியில இருக்கும்."

"இங்கயா? எப்ப?"

"நேத்துக் காலையில. நீங்க கடைக்குப் போயிருந்தீங்களாம். வெளிப்பெட்டிக் கம்பிவலையில ஒரு ஸ்க்ரூ லூஸ் சார். முறுக்கிட்டேன். இப்ப சத்தம் வராதே?"

அவர் பால்கனிக்குப் போனார். டார்ச் இருந்தது. அதன் பக்கத்தில், குழாய்த் துவாரத்துக்கு நேராக, ஒரு முக்காலி. முக்காலிமேல் துணி அளக்கும் மர ஸ்கேல். ஒரு முனையில் மட்டும் வெளிப்பெட்டியின் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. எடுத்து வெளிப்பெட்டியில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். டக். சந்தேகமே இல்லை. காது அவருக்கு இன்னும் பழுதில்லை.

டார்ச்சைக் கொடுத்தனுப்பிவிட்டு அறைக் கதவுக்கு வந்தார். உள்ளே தாழ்ப்பாள். கதவின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று அவர் கால்விரல்களைத் தொட்டது. தையல் மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"நீயான்னு கேட்டேனே," என்றார் கதவைப் பார்த்து. "நான் யாரை நினைச்சுக் கேட்டேன் தெரியுமா?"

மெஷின் நின்றது.

"தெரியாதுங்க," என்றது உள்ளேயிருந்து குரல். "கேட்டது என் காதுல விழுந்துச்சு. அங்க நான்தானே உட்கார்ந்திருந்தேன்? அதான் ஆமான்னேன்."

"கோவமான்னு கேட்டதுக்கு?"

"அதுவும் உண்மைதான்."

அவர் கதவோடு ஒட்டி நின்றார். பிறகு, தன் குரல் தனக்கே கேட்காத அளவில் கேட்டார்:

"ரூம் திரும்பக் கிடைக்குமா?"

கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, நிதானமாக, இரண்டு தட்டு.