சென்சார் வைக்க நல்ல இடம்: ஆரம்பாக்கத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி

ஆரம்பாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

மதிப்பிற்குரிய அன்புராஜ் மாமா அவர்களுக்கு, மச்சினன் ஸ்டீவன் பணிவுடன் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே அம்மாவும் நானும் நலம், என் கைவிரல் பத்தும் நீங்கலாக. பெங்களூரில் நீங்களும் கிறிஸ்டினா அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் நீல டிக்கோடு நிறுத்திக்கொள்வதால் தபாலில் அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பிரியாணித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். உங்கள் கம்பெனியில் அடுத்த போனுக்கு விரல்ரேகை சென்சாரை முதுகில் வைப்பதா, பக்கவாட்டுப் பொத்தானில் வைப்பதா, கண்ணாடிக்கு அடியில் வைப்பதா என்று மூன்று மாதமாகச் சண்டை. உபயோகிக்கிறவன் எவனாவது விவரமாக எழுதிக் கொடுத்தால் மீட்டிங்கில் வாசிப்பேன் என்றீர்கள். இதோ எழுதுகிறேன். கெட்ட வார்த்தை வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

தேர்வாய் கண்டிகையில் என் வேலை உங்களுக்குத் தெரியும். இரும்பு வார்ப்பில் ஒட்டியிருக்கும் பிசிறைக் கிரைண்டரால் தேய்த்து எடுப்பது. கம்பெனி மாதம் ஒரு ஜோடி கையுறை தரும், அது முதல் வாரத்திலேயே கிழியும், மீதி மூன்று வாரம் இரும்போடு சேர்ந்து நாங்களும் தேய்வோம். இதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் கையெழுத்து நோட்டைத் தூக்கிவிட்டு, அவரவர் போனில் ஒரு ஆப் போட்டு, காலை எட்டு மணிக்குள் கேட்டில் நின்று விரல் வைத்தால்தான் வருகை என்றார்கள். ரகசிய நம்பர் செல்லாது. நம்பரை நண்பனிடம் சொல்லி ஏமாற்றிவிடுவோமாம். என் போன் என் விரலைப் பார்த்து, ‘விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கவும்’ என்றது. துடைத்தேன். மறுபடியும் அதையே சொன்னது. சட்டையில் துடைத்தேன், தலையில் துடைத்தேன், எட்டு மணி தாண்டிவிட்டது, ஆப்சென்ட் விழுந்தது. அன்று முழு ஷிப்டும் வேலை பார்த்தேன் மாமா. வேலைக்கு வராதவன் தேய்த்த நூற்று இருபது வார்ப்பும் லாரி ஏறிப் போயின.

இப்படி ஆறு நாள். மற்ற நாளெல்லாம் எட்டு அடிக்கும் முன் ஏதாவது ஒரு விரல் காப்பாற்றியது. வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நாள் வருகை இருந்தால்தான் எங்கள் கம்பெனியில் நிரந்தர வேலைக்குப் பெயர் போகும். மாதக் கடைசிக்குள் இன்னும் ஒரு ஆப்சென்ட் விழுந்தாலும் எனக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கை. எங்கள் தாத்தாவைக் கைநாட்டு என்று ஊரில் கேலி பேசினார்கள் என்பதற்காகவே அம்மா நாற்று நட்டு என்னை டிப்ளமோ படிக்க வைத்தார். படித்து முடித்துப் போனால் கைநாட்டுதான் கேட்கிறார்கள். அதுவும் இப்போது என்னிடம் இல்லை.

கோபம் ஒரு பக்கம் இருக்க, எனக்கு இதில் ஒரு ஆர்வமும் வந்துவிட்டது. யார் விரலில்தான் ரேகை இருக்கிறது? மூன்று வகைப் போனையும் இரவல் வாங்கிக் கம்பெனி பஸ்ஸில் முப்பத்தோரு பேர் விரலைச் சோதித்தேன். என்னோடு கிரைண்டர் பிடிக்கும் அருணாச்சலம் அண்ணன் கையை நீட்டிக்கொண்டே, “இன்னாடா, ஜோசியமா? ரேகையே இல்லாதவனுக்கு இன்னா பலன் சொல்லுவே?” என்றார். பக்கவாட்டுப் பொத்தானுக்குக் கட்டைவிரல் தானாகப் போகிறது, ஆனால் எங்களில் முதலில் தேய்வதே அதுதான். முதுகுக்கு ஆள்காட்டி விரல் வாகாகப் போகிறது, அது கிரைண்டர் விசைக்குப் போய்விட்டது. கண்ணாடி எந்த விரல் வைத்தாலும் யோசிக்கிறது, முடிவெடுப்பதில்லை. கேண்டீனில் பாத்திரம் தேய்க்கும் அருணா அக்காவின் விரல் அவர் தேய்க்கும் தட்டு போலவே இருந்தது. அவரையும் போன் துடைத்துவிட்டு வரச் சொன்னது. நல்ல ரேகை எப்படி இருக்கும் என்று பார்க்க எச்.ஆர். மணிகண்டன் சாரிடம் போய், ஆராய்ச்சிக்காக உங்கள் விரலை என் போனில் பதிந்துகொள்ளலாமா என்று கேட்டேன். வெளியே போகச் சொன்னார்.

திருப்பம் போன ஞாயிறு வந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது போன் குப்புற விழுந்து, என் கால் கட்டைவிரல் முதுகு சென்சாரில் பட்டது. போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், ‘இந்த ரேகை பதிவில் இல்லை’ என்கிறது. மாமா, இத்தனை நாள் துடை, துடை என்றது. இப்போது, யாரோ ஒரு ஆள், ஆனால் யாரென்று தெரியவில்லை என்கிறது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. கம்பெனி எங்கள் கைக்குக் கிழிகிற உறை தருகிறது, காலுக்கு மட்டும் இரும்பு மூக்கு வைத்த ஷூ தருகிறது. அதனால் ரேகை அங்கே பத்திரமாக இருக்கிறது. கால் கட்டைவிரலைப் பதிந்தேன். தொட்டதும் திறந்தது.

மறுநாள் கேட்டில் போனைக் குப்புறப் போட்டு ஷூவைக் கழற்றினேன். செக்யூரிட்டி ராஜமாணிக்கம், “இன்னாபா, கோயிலாண்ட வந்த மாதிரி கயட்டிக்கினு கீற?” என்றார். திறந்த போனைக் காட்டினேன். புதன்கிழமைக்குள் பதினோரு பேர் வரிசையாக ஷூ கழற்றினார்கள். அருணாச்சலம் அண்ணன் மட்டும் காலால் தொட்ட போனைத் தினமும் கண்ணில் ஒற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சாக்ஸ் நாற்றத்தில் ராஜமாணிக்கம் நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வெள்ளிக்கிழமை மணிகண்டன் சார் வந்து பார்த்தார். “கம்பெனி ஆப்ப காலால தொடுறியே, மரியாத வாணாம்?” என்றார். “கையி கம்பெனிக்குப் பூட்ச்சு சார். மீதி இதான் கீது” என்றேன். திங்கட்கிழமை முதல் இதற்கு ஒரு வழி செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே என் முடிவு: சென்சாருக்குச் சிறந்த இடம் முதுகுதான். பக்கவாட்டுப் பொத்தானைக் கால் விரலால் தொட வித்தைக்காரனாக இருக்க வேண்டும். முதுகிலேயே, நடுவில், கொஞ்சம் அகலமாக வையுங்கள். திங்கட்கிழமை என்ன ஆகுமோ தெரியவில்லை, அம்மா என் கட்டைவிரலுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கட்டைவிரல் என்று நான் கேட்கவில்லை. அக்காவுக்கு அன்பு சொல்லவும். உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
ஸ்டீவன்

பி.கு: தபாலில் போட மறந்துவிட்டேன், இன்று செவ்வாய். காலால் தொடுவதைத் தடுக்க, கேட் சுவரில் நெஞ்சு உயரத்தில் ஒரு இரும்புத் தாங்கி அடித்திருக்கிறார்கள். போனை அதில் செருகித்தான் விரல் வைக்க வேண்டும், ஆபீஸ்காரர்களும்தான். இதை எழுதி முடித்த ஞாயிறு சாயங்காலமே அவசரமாகக் கூப்பிட்டு, அதன் பிசிறைத் தேய்க்கும் வேலையை எனக்கும் அருணாச்சலம் அண்ணனுக்குமே கொடுத்தார்கள். முதுகும் இரண்டு பக்கமும் மூடியிருக்கிறதே, எந்த விரல் உள்ளே போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அருணாச்சலம் அண்ணன் என் காலை மிதித்தார். நேற்று எங்களில் ஒருவருக்கும் திறக்கவில்லை; மற்றப் போன்களில் விரலே போகவில்லை, கண்ணாடிப் போன் வழக்கம்போல் யோசித்தது. பிறகு மணிகண்டன் சார் தன் மடக்குப் போனைச் செருகினார். அதற்குச் சென்சார் பக்கவாட்டில். வெளியே எடுக்கப் போனவரிடம் ராஜமாணிக்கம், “உள்ள வெச்சுதான் சார் தொடணும். நீங்க போட்ட ரூலு” என்றார். எட்டு மணிக்கு அவருக்கும் ஆப்சென்ட் விழுந்தது. எட்டரைக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது: ஆப்பில் கோளாறு, இரண்டு மாதத்தில் விழுந்த எல்லா ஆப்சென்டும் ரத்து, நோட்டு திரும்ப வருகிறது. இரண்டு மாதமாக எங்களுக்கு விழுந்தபோது அது எங்கள் விரலின் கோளாறாக இருந்தது. என் ஆறு நாளும் வந்துவிட்டன, கையெழுத்துப் போட்டேன். ஆகவே மேலே எழுதிய எதையும் மீட்டிங்கில் வாசிக்க வேண்டாம் மாமா. சென்சாரை மணிகண்டன் சார் விரலுக்கு எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள். மீதியைக் கம்பெனியே அரை மணி நேரத்தில் சரி செய்துவிடும்.