புறாக்கள் வருமுன்

ஓமெர் தன் பெயரைத் தட்டினார். நான்கே எழுத்து. திரையில் வந்த நான்கும் வேறு.

“உன் பேரே அதுக்குத் தெரியல. புறா பேரு தெரிஞ்சிடுமாக்கும்?” என்றார் மார்னிக்ஸ். ஊரின் ஒரே கசாப்புக்கடைக்காரர். கையில் பீர் கோப்பை. ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்தைத் தாண்டியிருந்தது.

“கீபோர்டு ஒயரை ஒரு ஊசி தள்ளிச் சொருகிட்டேன். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? நானும் ஒரு எலும்பு தள்ளி வெட்டிட்டு அவ்வளவுதான்னு சொல்லலாமா?”

ஓமெர் ஒயரைப் பிடுங்கி, போர்டின் ஊசிகளை மூக்குக்கண்ணாடி வழியாக ஒவ்வொன்றாக எண்ணினார்.

கோடெலீவின் பீர்க்கடைக் கொல்லையில்தான் புறாப் பந்தயச் சங்கத்தின் பொதுப் புறாக்கூடு. புறா அதன் வாசல் பலகையில் கால் வைத்ததும் கால் வளையத்தைப் படித்து, வந்த நொடியைப் பதிவது ஒரு நாற்பது வருஷத்துக் கம்ப்யூட்டர். அதற்கு புரோகிராம் எழுதியவர் ஓமெர். வியாழக்கிழமை அதன் மதர்போர்டு செத்துப்போனது. வெள்ளிக்கிழமையே மார்னிக்ஸ் தீர்மானம் கொண்டுவந்தார்: வருடாந்தரப் பந்தயத்தில் ஒரு புறாவின் நேரம் தவறினாலும் பெட்டி குப்பைக்கு, ஓமெர் வீட்டுக்கு.

பழைய பெட்டிக்கென்றே புதிதாகச் செய்த போர்டு நேற்று கூரியரில் வந்திருந்தது. பழைய சில்லுகளை எடுத்து அதில் பொருத்த வேண்டும். எந்தச் சில்லுக்கு எத்தனை வோல்ட், எந்த நாட்டு மின்சாரம் என்பதையெல்லாம் ஜம்பர் போட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு ஊசிகளைச் சேர்த்து மூடுகிற அரிசி அளவு கறுப்புத் தொப்பிதான் ஜம்பர். ஓமெருடையதோ முப்பது வருஷம் டிராக்டர் பழுதுபார்த்த விரல்கள்.

இன்றுதான் பந்தயம். நேற்று வண்டியில் ஏற்றி அனுப்பிய புறாக்களைப் பிரான்ஸின் ஓர்லியனில் எட்டு மணிக்குத் திறந்துவிட்டால் பன்னிரண்டு வாக்கில் வரும்.

இந்த முறை அவர் பெயர் சரியாக வந்தது. கூடவே ஒரு வாசனையும் வந்தது.

“என்னமோ கருகுது” என்று எட்டிப் பார்த்தாள் கோடெலீவ். “என் அடுப்புல ஒண்ணும் இல்லையே.”

ஓமெர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். சத்தம் போடுகிற சில்லு, தொட்டால் சுட்டது. ஒன்பது வோல்ட் கேட்கிற சில்லுக்குப் பன்னிரண்டு போகிறது!

“ஆம்லெட் போடலாமா?” என்றார் மார்னிக்ஸ்.

“சும்மா இருய்யா!”

ஜம்பரைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் இருந்ததும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டையும் திரும்பப் போட்டார். சில்லு பிழைத்துக்கொண்டது. டிஸ்க்கிலிருந்து புரோகிராமை ஏற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கொடுத்தார். பத்து இருபத்தைந்து. நாற்பத்தொரு புறாக்களின் பெயர்களும் வரிசையாகத் திரையில் நின்றன. முதுகை நிமிர்த்தி, ஆறிப்போன காபியைக் குடித்தார்.

சர்ச்சில் பதினொன்று அடித்தது. திரையில் மணி பதினொன்று ஏழு.

ஓமெர் போர்டை உற்றுப் பார்த்தார். முன்பு சேர்ந்து வந்த அந்த இன்னொரு ஜம்பரைத் தப்பான ஊசியில் போட்டிருக்கிறார். மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்க வேண்டிய இடத்தில் அறுபது. கடிகாரம் மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடுகிறது.

“நம்ம ஊரு மின்சாரம்னு நினைக்காம அமெரிக்கா மின்சாரம்னு நினைச்சுக்கிட்டிருக்கு” என்றார் மெல்லிய குரலில்.

“அப்ப அங்கேயே அனுப்பிடு.”

அணைத்தார். ஜம்பரைப் பிடுங்கினார். அது விரல் நுனியிலிருந்து தெறித்து, ‘களுக்’ என்று எங்கோ விழுந்தது. மேஜையில் தேடினார். தரையில் தேடினார். நிமிர்ந்தபோது மார்னிக்ஸ் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசி வாயை விழுங்கிக்கொண்டிருந்தார்.

“கோடெலீவ், பீர்ல என்னமோ கிடந்துச்சு” என்றார் தொண்டையைத் தடவிக்கொண்டே.

“அடப்பாவி! துப்புய்யா!” என்றார் ஓமெர்.

“எதைத் துப்ப? உள்ள போயிடுச்சே.”

அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து கோடெலீவ் கத்தினாள். “புறா! புறா வருது!”

“இப்பவேவா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே!”

தெற்கே ஒரு புள்ளி. அதன் பின்னால் ஒரு கூட்டம். ஓமெர் பெட்டியின் மேல் குனிந்தார். இன்னொரு ஜம்பருக்கு எங்கே போவது? சட்டென்று சத்தச் சில்லின் ஜம்பரையே கழற்றினார். பெட்டி ஊமையானால் ஆகட்டும், மணி சொன்னால் போதும். மூச்சைப் பிடித்து ஐம்பதில் அழுத்தினார். சுவிட்ச். டிஸ்க் கரகரவென்று ஓடத் தொடங்கியது. புரோகிராம் ஏறி முடிய மூன்று நிமிடம்.

முதல் புறா கூரை மேல் வந்து உட்கார்ந்தது. வெள்ளை வால்.

“ஐயோ, என் சீமாட்டி!” என்று மார்னிக்ஸ் அலறினார். புறாக்களை அழைக்கிற பட்டாணி டப்பாவை எடுத்துக் குலுக்கப் போனார்.

“குலுக்காதே! இன்னும் ஏறல! இப்ப உள்ள வந்தா அது வந்ததாவே ஆகாது!”

மார்னிக்ஸ் டப்பாவைச் சத்தம் வராமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சீமாட்டி பலகையைப் பார்த்துக் கழுத்தை நீட்டினாள்.

“வராதடி கண்ணு” என்று கெஞ்சினார். பதினைந்து வருஷமாகப் புறாக்களை ‘வா வா’ என்று அழைத்த மனிதர். “கொஞ்சம் இரு. வேடிக்கை பாரு. ஓமெர், என்னய்யா பண்றே?”

“பேரு ஏறுது. முப்பது... முப்பத்தஞ்சு...”

சீமாட்டி இறக்கையை விரித்தாள். மார்னிக்ஸ் தொப்பியைக் கழற்றி வீசினார். அவள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்கார்ந்தாள். மார்னிக்ஸின் கண்களில் நீர் முட்டியது.

“நாப்பத்தொண்ணு! நேரம் குடுத்தாச்சு! கூப்பிடு!”

டப்பா குலுங்கியது. சீமாட்டி இறங்கினாள். திரையில் சத்தமில்லாமல் ஒரு வரி விழுந்தது: சீமாட்டி, 11:06:12. அடுத்த இரண்டே நிமிடத்தில் மீதி நாற்பதும் பலகையில் வந்து விழுந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

ஓமெர் நாற்காலியில் சரிந்தார். “இவ்வளவு சீக்கிரம் எப்படி வரும்? கடிகாரம் மறுபடி தப்போ என்னவோ...”

“வாயை மூடு!” என்றார் மார்னிக்ஸ். “இந்தப் பெட்டி பொய் சொல்லாது. தெற்குக் காத்து வீசுது, தெரியலையா?”

சர்ச்சில் கால் மணி அடித்தது. திரையில் 11:15:00. இம்மி பிசகவில்லை.

சங்கத்தின் முப்பது வருஷச் சாதனை உடைந்தது. ஆட்கள் திரண்டார்கள். மார்னிக்ஸ் எல்லோருக்கும் பீர் சொன்னார். பத்திரிகைக்குப் போன் பண்ணி, சீமாட்டியின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பிறகு மேஜை மேல் ஏறி, தன் தீர்மானத்தைத் தானே கிழித்து, ஓமெரின் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார்.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். புறா வண்டியின் டிரைவர் கமீல். முழங்கை வரை கிரீஸ். கையில் காலிக் கூண்டு.

“மன்னிச்சிடுங்கப்பா” என்றார். “வண்டி நேத்தே நம்ம ஊர் எல்லையில, செங்கல் சூளைக்குப் பின்னாடி நின்னுடுச்சு. போனும் செத்துப்போச்சு. பதினோரு மணிக்குத் தண்ணி வைக்கலாம்னு கதவைத் திறந்தேன், அத்தனையும் பறந்துடுச்சு... ஒண்ணாவது இந்தப் பக்கம் வந்துச்சா?”