ஒரே உருளையில் மூன்று நரம்பு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சின்ன மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, தம்பி மூவரும் சுகம். நான் சுகமா என்பது எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. முழுவதையும் படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னார். இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் ஒருவர் போன் பேசினால் மற்ற எல்லோரும் காது கொடுப்பார்கள். அதோடு நீங்கள் நடுவில் சிரித்துவிட்டால் எனக்கு மேற்கொண்டு பேச்சே வராது. அதனால்தான் கடிதம்.

மாமா, நீங்கள் சேர்த்துவிட்ட தூண்டில் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் நண்பர், அதாவது எங்கள் முதலாளி, தங்கமான மனிதர். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை எல்லாம் நீங்கள் அன்று அவரிடம், "என் மருமக காலேஜ் முடிச்சவ, அவளுக்குத் தெரியாததுன்னு ஒண்ணுமே கிடையாது" என்று சொன்னதில்தான். நான் படித்தது வரலாறு. நம் வீட்டில் முதல் பட்டதாரி என்று பெயர் வாங்கிய நாளிலிருந்து மாத்திரை அட்டையின் பொடி எழுத்து, ஓடாத துணி துவைக்கும் இயந்திரம், பக்கத்து வீட்டுக்காரரின் எல்லைத் தகராறு எல்லாமே என்னிடம்தான் வருகின்றன. தெரியாது என்று சொன்னால், "அப்புறம் எதுக்குடி அவ்வளவு படிச்ச?" என்று அம்மா கேட்பார். அதனால் அந்த வார்த்தையைச் சொல்வதையே நான் விட்டுவிட்டேன். கடையில் பில் மட்டும் போட்டால் போதும் என்று நம்பித்தான் வந்தேன். பில் மேசைக்குப் பின்னாலேயே தூண்டில் நரம்பு அடுக்கை வைத்திருப்பார்கள் என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்?

இங்கே ஏரியில் பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறது. அதைப் பிடிக்க ஜிக் என்று ஒன்றைக் கட்டுகிறார்கள். ஈயத்தில் ஒரு தலை, அதில் ஒரு கொக்கி, அதைச் சுற்றி ரப்பர் குஞ்சம். பார்க்க விளக்குமாற்றின் கைக்குழந்தை போல இருக்கும். அது தண்ணீருக்கடியில் கல்லிலும் செடியிலும் முட்டிக்கொண்டு போகுமாம், மீன் அதை நண்டு என்று நினைத்துக் கவ்வுமாம். கவ்வட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த ஜிக்கை எந்த நரம்பில் கட்டுவது என்பதில் இந்த ஊரே மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. நைலான் என்பது இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். பின்னல் என்பது மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பின்னியது. நீளவே நீளாது, முரட்டுப் பலம், ஆனால் தண்ணீரில் பளிச்சென்று தெரியும். மூன்றாவது ஃப்ளூரோகார்பன், தண்ணீருக்குள் போனால் அது கண்ணுக்குத் தெரியாது, அதன் விலை மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சித் தலைவர் உண்டு. பின்னலுக்கு ஒரு பஸ் டிரைவர். "ஏம்மா, நீயே சொல்லு, செடிக்குள்ள சிக்குன மீனை எது இழுத்துட்டு வரும்? பின்னல்தானே?" என்றார். "ஆமாங்கண்ணே" என்றேன். ஃப்ளூரோகார்பனுக்கு ஒரு பல் டாக்டர். "மீனுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" "இருக்குங்க டாக்டர்." "கயிறு தெரிஞ்சா அது கிட்ட வருமா?" "வராதுங்க." நைலானுக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "திடீர்னு வெட்டி இழுக்குற மீனுக்குக் கொஞ்சம் நீண்டு குடுக்கணும். பக்குவம்னா அதுதான். புரியுதா?" "புரியுதுங்க சார்." எனக்கு ஒன்றும் புரியவில்லை மாமா. எதிரில் நிற்கிறவர் முகம் கோணக்கூடாது என்று தலையாட்டினேன், அவ்வளவுதான். ஆனால் மூவரும் தனித்தனியே வெளியே போய், படித்த பெண் தன் கட்சி என்று சொல்லிவைத்துவிட்டார்கள். ஒரு நாள் மூவரும் ஒன்றாகக் கடைக்குள் வந்தபோது நான் மேசைக்கடியில் பேனாவைத் தேடினேன். அவர்கள் போகும்வரை அது கிடைக்கவில்லை. பேனா என் காதில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். டிரைவர் அண்ணன் தன் ரீலில் பின்னல் நரம்பைச் சுற்றித் தரச் சொன்னார். ரீல் என்பது கைப்பிடியால் சுற்றுகிற, பளபளவென்று வழுக்கும் இரும்பு உருளை. அதன்மேல் நேராகச் சுற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கண்ணெல்லாம் சிவந்து வந்தார். திட்டத்தான் போகிறார் என்று பில் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன். அவரோ கடை நடுவில் நின்று, "அது மீனே இல்லய்யா, மலை! சுத்துறேன், சுத்துறேன், கை ஓஞ்சு போச்சு, ஒரு அங்குலம் வரல!" என்றார். உடனே நாலு பேர் அதைவிடத் தடித்த நரம்பாகப் பார்த்து வாங்கிப்போனார்கள். டாக்டருக்கு நான் முடிச்சுப் போட்டுக் கொடுத்த ஃப்ளூரோகார்பன் முதல் இழுப்பிலேயே அறுந்தது. அறுந்த நுனியை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கடைவாய்ப்பல்லு. ரொம்ப நல்லா பராமரிச்சிருக்கு" என்று மீனைப் பாராட்டினார். தலைமையாசிரியர் ஆழத்தில் போட்ட ஜிக்கை மீன் கவ்வியதாம், இவர் வெட்டி இழுத்தாராம், நைலான் நீண்டுகொண்டே போனதாம், மீன் நிதானமாகத் துப்பிவிட்டுப் போனதாம். "ஒழுங்கு கெட்ட மீன்" என்றார். ஒருவர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை மாமா. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

இந்த நிலையில் கடைகளுக்கு இடையே ஏரியில் போட்டி வந்தது. கடைக்கு ஒரே தூண்டில். அதை மூன்று பேர் மாறி மாறிப் பிடிக்கலாம். எங்கள் கடைக்கு யார் அந்த மூவர் என்று நான் சொல்லவே வேண்டாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நரம்பு எதுன்னு நீயே முடிவு பண்ணும்மா. போட்டி முடியட்டும், உன் வேலையை நிரந்தரம் பண்றதைப் பத்திப் பேசுவோம்" என்றார். இங்கேதான் சிக்கல். என் வேலை ஏற்கெனவே நிரந்தரமாகிவிட்டது, நான்தான் கடை மேனேஜர் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். காய்கறிக் கடைக்காரர்கூட என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். இந்த வேலை போனால் அப்பா எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருவார்?

மூவரும் தனித்தனியே வந்து, "நம்மளுதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூவரிடமும் ஆமாம் என்றேன். பிறகு சாமான் அறையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இருவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது என்னால் ஆகாத காரியம். ஆகவே மூன்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிட்டேன். நைலான்தான் மூன்றிலும் மலிவு, யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று அதை உருளையின் அடியில் கொஞ்சம் சுற்றினேன். அதன்மேல் நிறையப் பின்னல். டாக்டர் நுனியைத்தான் பார்ப்பார் என்பதால் நுனியில் கையளவு ஃப்ளூரோகார்பன், அதில் ஜிக். வழுக்கியதில் முடிச்சு நிற்கவே இல்லை. நரம்பை வாயில் கவ்விப் பிடித்து, எச்சிலோடு எச்சிலாக இறுக்கினேன். டாக்டரிடம் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

ஏரிக்கரையில் டிரைவர் அண்ணன் ரீலைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டார். டாக்டர் தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, திருப்தியானார். தலைமையாசிரியர் முகம் சுருங்குவதைக் கண்டு அருகே போய், "அஸ்திவாரம் உங்களோடதுதான் சார்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவர் முறை வந்தபோதுதான் மீன் கவ்வியது. செடிக்குள் பாய்ந்தது. மூவரும் ஒரே தூண்டிலைப் பிடித்துக்கொண்டார்கள். "பிரேக்குல கால வைக்காதீங்க சார், மிதிங்க, மிதிங்க!" என்றார் டிரைவர். "அவசரப்படாதீங்க, வாயை நல்லா திறக்கட்டும்!" என்றார் டாக்டர். "அமைதி! எல்லாரும் அமைதி!" என்றார் தலைமையாசிரியர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கரையில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது, மூன்று பெரிய மனிதர்கள் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அதைவிடப் பெரிய மீன் யாருக்கும் கிடைக்கவில்லை.

எங்கள் கடைக்கு எதிரே இன்னொரு தூண்டில் கடை நடத்தும் அக்கா இந்த வெற்றியைச் சும்மா விடவில்லை. எங்கள் ரீலை வாங்கி நரம்பைக் கடைசிவரை உருவிப் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும், "அடியில நைலான் இருந்தா உருளையைக் கவ்விப் பிடிச்சுக்கும், மேல பின்னல் வழுக்காது. வெறும் உருளையில பின்னலைச் சுத்தினா கைப்பிடி சுத்தும், நரம்பு நின்ன இடத்துலயே நிக்கும். நுனிக்குக் கண்ணுக்குத் தெரியாதது. முடிச்சையும் ஈரம் பண்ணி இறுக்கியிருக்கா, இல்லன்னா இறுக்குற சூட்டுல வெந்து பட்டுனு போயிருக்கும். யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பாருங்க, வாயைத் திறக்குதா பாருங்க! தொழில் ரகசியமாம்!" என்று முதலாளி கைதட்டினார்.

மாமா, டிரைவர் அண்ணனின் மலையும் நான்தான், டாக்டரின் கடைவாய்ப்பல்லும் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணன் இப்போதும் லீவு நாளில் அந்த மலையைத் தேடி மருமகனையும் கூட்டிக்கொண்டு போகிறார். சொன்னால் மனசு உடைந்துவிடுவார், சொல்லாவிட்டால் மருமகன் உடைந்துவிடுவார். நான் செய்தது சரியா தப்பா, தப்பு எப்படிச் சரியானது, சரியானதற்கு நான் வெட்கப்படலாமா, ஒன்றும் விளங்கவில்லை. இதற்கு மேல் முதலாளி, சனிக்கிழமை தோறும் நான் கடையில் வகுப்பு எடுக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டார். முதல் வகுப்பு, 'ஜிக்குக்கு எந்த நரம்பு?' அது நல்லபடி முடிந்தால் வேலை நிரந்தரம். அப்பா இப்போது தெருவில் புரொபசர் என்கிறார்.

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், உடனே கிளம்பி வந்து, இவளுக்கு ஒன்றும் தெரியாது, பில் போட மட்டும் வைத்துக்கொள் என்று உங்கள் நண்பரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். என்னால் சொல்ல முடியாது. அத்தைக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் ஆசியும் உங்கள் வருகையும் சேர்ந்து வரட்டும்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
மருமகள்.

பின்குறிப்பு: மாமா, வர வேண்டாம். உறையை ஒட்டப் போன நேரத்தில் முதலாளி சாமான் அறைக்குக் கூப்பிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. இந்த ஜிக்குக்கு நெசமாவே எந்த நரம்புதான் சரி? கடை என் மாமனார் குடுத்தது. எனக்கு மீன் வாடையே ஆகாது. யார் வந்து எது சொன்னாலும் தலையாட்டியே ஓட்டிட்டேன். எல்லாம் தெரிஞ்ச பொண்ணுன்னு உங்க மாமா சொன்ன அன்னைக்குத்தான் எனக்கு உசிரே வந்துச்சு." நான் என்னை அறியாமல், "எந்தத் தண்ணிங்க? தெளிவா, கலங்கலா? செடி இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் அப்படியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "இப்படித் திருப்பிக் கேக்கலாம்னு எனக்கு இத்தனை வருஷமா யாருமே சொல்லலையேம்மா!" என்றார். அங்கேயே வேலையை நிரந்தரம் செய்துவிட்டார். வகுப்புக்கு முன்வரிசையில் தனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். ஆகவே எனக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது என்று நீங்கள் அன்று சொன்னது அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு சங்கடம். நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லியிருந்தால் அடுத்து நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால், சனிக்கிழமைக்குள் எழுதவும்.