பழையபடி புரியாமல்

இருபத்தெட்டு ஃபாரங்களும் தரையில் கிடந்தன. ஃபாரம் என்றால் பதினாறு பக்கம் கொண்ட மடிப்பு. தையலைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மேசையில் அடுக்கி வைத்திருந்தார் பைண்டர். ஒரே ஒரு தும்மல், அவ்வளவுதான்.

அள்ளியெடுத்துப் பக்க எண்ணைத் தேடினார். இல்லை. அடி ஓரம்கூட விரல் வைக்க இடமில்லாமல் குறுகலாக இருந்தது. அப்போதுதான் பேராசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது.

“இந்த நாவலுக்குப் பக்க எண் கிடையாது. வாழ்க்கைக்குப் பக்க எண் இருக்கா?”

“இல்லீங்க ஐயா” என்று பைண்டரும் தலையாட்டியிருந்தார்.

பேராசிரியர் நூலகக் குழுவின் தலைவர். இருபது வருடமாக இந்த நாவலைப் படித்து, அது ஏன் யாருக்கும் புரியாது என்று மூன்று புத்தகங்கள் எழுதியவர். எங்கும் வேறு பிரதி கிடையாது. இதை ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தால்தான் நூலகத்தின் பைண்டிங் வேலை முழுவதும் இவருக்கு. நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்வார்.

காகிதத்தின் பழுப்பைப் பார்த்து அடுக்கினார் பைண்டர். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த மனைவி இரண்டு மடிப்பைப் புரட்டினாள்.

“என்னங்க, இங்க ஆளைப் புதைச்சுட்டாங்க. அடுத்ததுல செருப்புக் கடையில பேரம் பேசுறான்?”

“நாவல் அப்படித்தானாம். வாக்கியமே பாதியில நிக்குமாம். அதுதான் விசேஷமாம்.”

“இங்க ‘கதவை’ன்னு நிக்குது. அங்க ‘மூடினாள்’னு ஆரம்பிக்குது. கைய கழுத்துல தைப்பாங்களா? தள்ளுங்க.”

அவள் உட்கார்ந்தாள். மாலை போயிற்று. அடுப்பு பற்றவில்லை. கடைசி மடிப்பை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

“பாவம்ங்க, அந்தப் பொண்ணு. நல்ல கதை.”

நல்ல கதை என்றதும் பைண்டருக்கு நிம்மதி. அப்படியே தைத்தார், அட்டை போட்டார்.

காலையில் பேராசிரியர் வந்தார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு நூலக உதவியாளரும் வந்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர். பேராசிரியர் நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். முகம் வெளிறியது.

“என்னய்யா இது, புரியுது!”

“ஐயா?”

“அவன் போறான், அவ கதவை மூடறா. எல்லாம் புரியுது! இருபது வருஷ உழைப்பை ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டீங்களே!”

பைண்டர் தும்மலை ஒப்புக்கொண்டார். “மன்னிச்சிருங்க ஐயா. இப்பவே கலைச்சுடறேன்.”

தையல் நூலை அறுத்தார், மடிப்புகளைச் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கிக் கொடுத்தார். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

“புரியலைங்களே, சரிதானுங்களா?”

“இது வேற மாதிரி புரியல! எனக்குப் பழையபடி புரியாம இருக்கணும்!”

உள்ளே மெஷின் நின்றது. “அய்யய்யோ, எதுக்குக் கலைச்சீங்க? அது நல்லா படிக்கிற மாதிரிதானே இருந்துச்சு!” என்றாள் மனைவி.

“படிக்கிற மாதிரி இருக்க இது என்ன வாரப் பத்திரிகையாம்மா?” பேராசிரியர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடிப்புகளை மாற்றி மாற்றி வைத்தார். “மதியத்துக்குள்ள பழைய வரிசை வரல, நூலகத்துப் பக்கமே நீங்க வர வேண்டாம்.”

உதவியாளர் மெல்லப் பைண்டரின் தோளைத் தொட்டு வாசல் பக்கம் இழுத்துப் போனார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, காதோடு காதாகச் சொன்னார்:

“அண்ணே, உங்க வீட்டம்மா அடுக்கினதுதான் சரி. ஐயா இதைப் படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே, தையல் விட்டுக் கிடந்த இதைக் கீழ போட்டுக் கலைச்சு, கைக்கு வந்தபடி தைச்சு, மாட்டிக்குவோமேன்னு பக்க எண்ணையெல்லாம் ஓரத்தோட வெட்டினவன் நான்தான்.”